தளையும் தடமும்

தமிழ் யாப்பிலக்கணத்தில் சீரோடு சீரைப் பிணைப்பதற்குத் தளை என்று பெயர். வழக்கிலோ அச்சொல் கால்விலங்கையும் குறிக்கும். கட்டுப்பாடு என்பது சிறையா, வடிவமா என்னும் பழைய கேள்வி அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இலக்கியத்துக்கு வெகு தொலைவில், நாம் தேடிப் போகாத ஓரிடத்திலும் அதே கேள்வி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வடமேற்கு மூலையின் மலைச்சரிவுகளுக்கு நடுவே அமைந்த லைம் ராக் கார் பந்தயத் தடம்தான் அந்த இடம்.

1957இல் திறக்கப்பட்ட இத்தடம் அளவில் சிறியது. ஒரு சுற்று ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர்தான். ஒன்றைத் தவிர மற்ற வளைவுகள் எல்லாமே வலப்புறம் திரும்புபவை. பார்வையாளர்க்குப் பெரிய மாடங்கள் கிடையாது. புல்மேட்டில் அமர்ந்துதான் பந்தயம் பார்க்க வேண்டும். இதன் உருவாக்கத்திலும் தொடக்கக்கால நிர்வாகத்திலும் பெரும்பங்கு வகித்தவர் ஜான் ஃபிட்ச். இரண்டாம் உலகப்போரில் போர்விமானம் ஓட்டியவர். பின்னர் மெர்சிடிஸ் அணியின் பந்தய ஓட்டுநர். 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில் பியர் லெவேயின் கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறி, எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே காரை அடுத்த முறைக்கு ஓட்ட வேண்டியவர் ஃபிட்ச். பிற்காலத்தில் நெடுஞ்சாலைப் பிரிவுகளில் மோதலின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ள மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வடிவமைத்தவரும் அவரே. வேகத்துக்கு எல்லை வேண்டும் என்பது அவருக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்க முடியாது.

அடுத்த எல்லையை வகுத்தவர்கள் ஊர்க்காரர்கள். தடத்துக்கு எதிரே, சாலையின் மறுபுறம், ஒரு தேவாலயம் இருக்கிறது. ஞாயிறு வழிபாட்டின்போதும் எஞ்சின்கள் அலறுவதைப் பொறுக்கமாட்டாமல் சுற்றுவட்டாரத்தார் நீதிமன்றம் சென்றனர். 1959இல் வந்த தடையாணை ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை அடியோடு நிறுத்தியது. வார இறுதியின் முக்கிய நாளை ஒரு பந்தயக்களம் இழப்பது வருவாயில் விழும் பெரிய அடி. ஆயினும் லைம் ராக் மூடப்படவில்லை. சனிக்கிழமைகளையும் விடுமுறைத் திங்கட்கிழமைகளையும் நம்பி வாழக் கற்றுக்கொண்டது.

அப்படிப்பட்ட களத்துக்கு 1967இல் வந்து சேர்ந்தது டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடர். 1966இல் தொடங்கிய இத்தொடரும் ஒரு தளையின் மேல் கட்டப்பட்டதே. இதில் ஓடியவை பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகள் அல்ல. கடையில் எவரும் வாங்கக்கூடிய நான்கு இருக்கைக் கார்களின் திருத்திய வடிவங்கள். எஞ்சின் கொள்ளளவு 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய எஞ்சினே பெருமை என்றிருந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு இது புதிய இலக்கணம். அந்த அளவுக்குள் அடங்கும்படி செவர்லே நிறுவனம் உருவாக்கிய கமாரோ இசட்/28 முதல் ஆண்டில் 602 மட்டுமே தயாரானது. 1969இல் அந்த எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியது. ஃபோர்டு பாஸ் 302 மஸ்டாங்கைக் கொணர்ந்தது. விதி சுருக்கிய இடத்தில் நுட்பம் விரிந்தது எனலாம்.

1969இல் லைம் ராக்கில் வென்றவர், அண்டை ஊரான ஷாரனில் வளர்ந்த சாம் போஸி. இன்று தடத்தின் நீண்ட நேர்ப்பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1970இல் பார்னெல்லி ஜோன்ஸ் வென்றார். அப்பருவத்தில் ஃபோர்டு, செவர்லே, பிளிமத், டாட்ஜ், ஏஎம்சி ஆகியவற்றின் கார்கள் மோதிக்கொண்டன. அதன்பின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. தொடர் வேறு வடிவங்களில் நீடித்தது. 1986இல் இதே தடத்தில் டிரான்ஸ்-ஆம் பந்தயம் ஒன்றை வென்றவர் நடிகர் பால் நியூமன். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இங்கே மற்றொரு தடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1966, 1970 பருவங்களின் இறுதிப் போட்டிகள் நடந்த கலிபோர்னியாவின் ரிவர்சைடு, லைம் ராக்கைவிடப் பெரியது, புகழும் மிகுந்தது. 1989இல் அது மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று வணிக வளாகமும் வீடுகளும் நிற்கின்றன. லைம் ராக்கோ 2009இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. தடையாணைதான் அதைக் காத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அண்டை வீட்டாரோடு வாழும் முறையைத் தொடக்கத்திலேயே கற்ற களம் அது.

அந்த வாழ்க்கை இணக்கமாகவே சென்றது என்று நினைக்க வேண்டாம். 2015இல் ஊராட்சியின் திட்டக்குழு பழைய கட்டுப்பாடுகளை நிலப் பயன்பாட்டு விதிகளில் எழுதி உறுதிசெய்தது; தடத்தின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2020இல் கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் ஞாயிறு தடைக்கு ஊருக்கு அதிகாரம் உண்டென்றது. ஒரு தலைமுறைக்கு மேல் பழகிய பின்னும் தளை உறுத்தத்தான் செய்கிறது. பந்தயக்காரர்க்கு அது இழந்த நாள்; ஊராருக்கோ மீட்ட நாள். இருவர் கணக்கும் பொய்யல்ல.

ஆண்டுதோறும் செப்டம்பரின் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி அங்கே பழைய கார்களின் விழா நடக்கிறது. வெள்ளியும் சனியும் பந்தயம். ஞாயிறன்று கார்கள் தடத்தின்மீதே வரிசையாக நிறுத்தப்படுகின்றன. எஞ்சின் அணைந்த வண்டிகளுக்கிடையே மக்கள் நடந்து, குனிந்து, சக்கரங்களையும் கதவு எண்களையும் பார்த்துச் செல்கிறார்கள். திங்களன்று மறுபடியும் ஓட்டம்.