உறவைத் தேடி ஒரு மலைப்பயணம்

திருப்பயணம் என்றவுடன் வேளாங்கண்ணியை நோக்கிக் காவியுடையில் கால்நடையாகச் செல்லும் இறைமக்கள் நம் கண்முன் வருவர். நீலகிரி வாசிகளுக்கு உதகை காந்தல் குருசடி நினைவுக்கு வரும். இவை சேருமிடம் தெரிந்த பயணங்கள். காதில் விழுந்த செய்தி ஒன்றை மட்டுமே நம்பி நடந்த பயணமும் நம் மலையின் வரலாற்றில் உண்டு. பிக்கட்டி, மஞ்சூர்ப் பகுதியில் வாழும் நாம் அதனை அறிந்திருத்தல் நன்று.

1599இல் உதயம்பேரூர்ச் சங்கம் கூடிய பின்னர், மலையாள நாட்டுத் தோமையார் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கு ரோஸ் ஆயரானார். கிழக்கே 'தோடமலை' என்னும் உயர்ந்த மலையில், பண்டைத் தோமையார் கிறிஸ்தவர்களின் வழித்தோன்றல்கள் குருக்களோ ஆலயமோ இன்றி வாழ்வதாக அவருக்குச் செய்தி எட்டியது. 1602இல் அவர் சிலரை அனுப்பிப் பார்த்தார். அடுத்த ஆண்டு, கோழிக்கோட்டில் பணியாற்றிய இத்தாலியரான யாக்கோமே பெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு புறப்பட்டார்.

அவர் மன்னார்க்காட்டு வழியாக மலையேறினார். இன்று அத்திசையிலிருந்து அட்டப்பாடி, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்குச் சாலை ஏறுகிறது. அன்றோ காடும் செங்குத்தான சரிவுகளுமே வழி. ஏறி முடித்தவர் ஒரு படகர் சிற்றூரை அடைந்தார். அவர் குறித்த பெயரைக் கொண்டு அவ்வூரை மேலூர் என அறிஞர்கள் கருதுகின்றனர். எருமை மந்தைகளோடு வாழ்ந்த தோடர்களையும் அவர்களுடைய பூசாரியையும் சந்தித்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உரையாடினார். பெண்களுக்குக் கண்ணாடிகளும் நூலும் பரிசளித்தார். உடன்பிறந்தார் இருவர் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கத்தையும் கேட்டறிந்தார்.

தேடி வந்த கிறிஸ்தவர்களை மட்டும் அவர் காணவில்லை.

இங்கேதான் அவருடைய பெருமை விளங்குகிறது. ஆயர் ஆவலோடு காத்திருந்தார். தோடரின் பால்மடப் பூசாரியோ பெண் துணையின்றித் தனித்து வாழ்பவர். அதனைப் பழைய துறவு மரபின் எச்சம் என்று எழுதியிருந்தால் மறுப்பார் யார்? 19ஆம் நூற்றாண்டில் சிலர் தோடரை இஸ்ரயேலின் காணாமற்போன குலத்தார் என்றுகூட ஊகித்தார்களே! பெனிசியோ அவ்வாறு செய்யவில்லை. 1603 ஏப்ரல் முதல் நாள் கோழிக்கோட்டிலிருந்து எழுதிய மடலில், கண்டதைக் கண்டவாறே அறிவித்தார். மக்கள் சிலரே, வழியும் கடினம், ஆதலின் மறைபரப்புப் பணி அப்போது தொடங்கப்படவில்லை.

தோல்வியாக முடிந்த அப்பயணத்தின் மடலே நீலகிரி மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய முதற் சான்றாயிற்று. இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 1819இல்தான் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தார். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தோடரைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலில் அம்மடலின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். உதகை மறைமாவட்டமோ 1955இல் உருவாயிற்று.

பெனிசியோவும் தம் காலத்தின் பிள்ளையே. 1609இல் இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் நோக்கம் அதனை மறுப்பதே. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது 1965இல் அன்றோ! ஆயினும், அயலாரைத் தம் உறவினராகத் திரித்துக் காட்டாமல், அவர்களை அவர்களாகவே காணும் நேர்மை அவரிடம் இருந்தது. இக்கரையில் அதுவே உறவின் முதற்படி.

நாமும் திருத்தலங்களுக்கு விடை ஒன்றை முன்னரே முடிவு செய்துகொண்டு செல்கிறோம். அது கிடைக்காவிடில் பயணம் வீணென வருந்துகிறோம். எம்மாவு செல்லும் வழியில் நடந்த சீடர் இருவரும் தங்கள் எதிர்பார்ப்பு பொய்த்த துயரத்தில்தான் அந்நியர் ஒருவரோடு பேசத் தொடங்கினர். தேடியது கிடைக்காத இடத்தில் நம் எதிரே நிற்பவர் யார் என உற்று நோக்குவோம். பக்கத்துச் சிற்றூரில் வாழும் படகரும் தோடரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் நமக்கு எவ்வளவு அறிமுகம்? அந்த வீடுகளுக்குச் செல்லும் வழி வேளாங்கண்ணியைவிடக் குறுகியதே. அங்கே நடப்பதும் திருப்பயணமே.