திண்ம வடிவியலும் கணிதப் போட்டிகளும்

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம்முடைய ‘குடியரசு’ என்னும் நூலின் ஏழாம் பகுதியில், நாட்டை ஆளப் போகிறவர்கள் கற்க வேண்டிய கலைகளை வரிசைப்படுத்துகிறார். எண்கணிதம் முதலில் வருகிறது. தள வடிவியல் அடுத்து வருகிறது. மூன்றாவதாக வானியலைக் குறிப்பிட்ட சாக்ரட்டீசு, இடையில் ஒரு கலையை விட்டுவிட்டோம் என்று தம்மைத் தாமே திருத்திக் கொள்கிறார். நீளமும் அகலமும் உடைய தளத்திற்கு அடுத்து நிற்க வேண்டியது, ஆழமும் உடைய திண்மமே. அதைக் கல்லாமல், இயங்கும் திண்மங்களாகிய வான்பொருள்களிடம் செல்வது முறையன்று என்பது அவர் கருத்து. அக்கலை வளராமைக்கு இரண்டு காரணங்களையும் அவர் கூறுகிறார். எந்த அரசும் அதனை மதித்துப் போற்றவில்லை என்பது ஒன்று. வழிகாட்டும் ஆசான் இல்லாமல் அதைக் கற்பது அரிது என்பது மற்றொன்று.

இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. ஆயினும் இவ்விரு காரணங்களும் பழமை அடையவில்லை. மாணவர்க்கான கணிதப் போட்டிகளின் வரலாற்றைப் பார்க்குங்கால், திண்ம வடிவியல் அங்கே உயர்ந்ததும் தாழ்ந்ததும் இவற்றாலேயே என்பது விளங்கும்.

போட்டிகளின் தோற்றம்

பள்ளிக் கல்வியை முடித்த மாணவர்களுக்கெனத் தொடர்ந்து நடைபெற்ற கணிதப் போட்டிகளுள் தொன்மையானது அங்கேரி நாட்டில் தோன்றியது. இயற்பியல் அறிஞர் லொராண்ட் ஏட்வேசு 1894 ஆம் ஆண்டில் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். அதனைச் சிறப்பிக்கும் வகையில் அங்கேரியக் கணித இயற்பியல் கழகம் அவ்வாண்டிலேயே அவர் பெயரால் ஒரு போட்டியைத் தொடங்கியது. வினாக்கள் மூன்றே; மாணவர்கள் தாம் விரும்பிய நூல்களைத் துணைக்கு வைத்துக் கொள்ளலாம். நூலில் உள்ளதைத் திருப்பிச் சொல்லும் ஆற்றலை அன்று, நூலில் இல்லாததைக் கண்டறியும் ஆற்றலையே அப்போட்டி நாடியது. பின்னாளில் கணித மேதையாகப் புகழ்பெற்ற லிப்போட் பெயேர், வானூர்தி இயலில் பெரும்பெயர் எய்திய தியோடர் வான் கார்மான் ஆகியோர் அங்குப் பரிசு பெற்றவர்களே.

அங்கேரியில் விளைந்த இவ்வித்து கிழக்கு ஐரோப்பா எங்கும் பரவியது. லெனின்கிராடு நகரில் 1934 ஆம் ஆண்டிலும், மாஸ்கோ நகரில் 1935 ஆம் ஆண்டிலும் மாணவர் ஒலிம்பியாடுகள் தொடங்கின. 1959 ஆம் ஆண்டில் உருமேனியா தன் அண்டை நாடுகளை அழைத்து, முதலாவது அனைத்துலகக் கணித ஒலிம்பியாடை நடத்தியது. ஏழு நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் வந்தனர். அந்த ஏழு நாடுகளின் பள்ளிகளிலும் திண்ம வடிவியல் முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆதலின் அதன் முதல் வினாத்தாளிலேயே, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு தளங்களைப் பற்றிய ஒரு கணக்கு இடம்பெற்றது.

அன்று தொடங்கி 1973 வரையுள்ள பதினைந்து ஆண்டுகளில், வெளியில் அமைந்த உருவங்களைப் பற்றிய வினா இல்லாத ஓர் ஆண்டையும் காண முடியாது. கனசதுரம், கூம்பு, கோளம் ஆகியன மாறி மாறி வந்தன. அவை எல்லாவற்றினும் மிகுதியாக வந்தது நான்முகி. நான்கு முக்கோணங்களால் அடைபட்ட எளிய திண்மம் அது. தளத்திற்கு முக்கோணம் எப்படியோ, வெளிக்கு நான்முகி அப்படி.

காகிதம் காட்டாத உண்மை

திண்மக் கணக்குகள் கடினமானவை என்று மாணவர் அஞ்சுவது இயல்பு. அச்சத்தின் வேர் படத்தில் இருக்கிறது. தளக் கணக்கில் நாம் வரையும் படம் ஏறக்குறைய உண்மையைக் காட்டும். செங்கோணம் செங்கோணமாகவே தோன்றும். திண்மத்தைக் காகிதத்தில் வரையும்போதோ படம் நம்மை ஏமாற்றும். செங்கோணம் குறுங்கோணமாகிவிடும், சமமான கோடுகள் சமமற்றவையாகத் தோன்றும், ஒன்றையொன்று தொடாமல் விலகிச் செல்லும் இரண்டு கோடுகள் காகிதத்தில் வெட்டிக் கொள்ளும். ஆதலின் திண்மக் கணக்கைச் செய்பவன் கண்ணை நம்பாமல் காரணத்தை நம்பப் பழக வேண்டும். இப்பழக்கமே அக்கலையின் முதற்பயன்.

போட்டியாளர்கள் கைக்கொண்ட நெறிகளை மூன்று கணக்குகளின் வாயிலாகக் காண்போம்.

முதல் நெறி, வெளியில் உள்ளதைத் தளத்திற்குக் கொண்டு வருதல். 1968 ஆம் ஆண்டின் நான்காவது வினா இது: எந்த நான்முகியை எடுத்துக் கொண்டாலும், அதன் உச்சிகளுள் ஏதேனும் ஒன்றில் கூடும் மூன்று விளிம்புகளைக் கொண்டு ஒரு முக்கோணம் அமைக்க இயலும் என்று நிறுவுக. அ, ஆ, இ, ஈ என்பன நான்கு உச்சிகள் என்க. ஆறு விளிம்புகளுள் மிக நீண்டது அ–ஆ என்க. இவ்விளிம்பு இரண்டு முகங்களுக்குப் பொதுவானது. ஒவ்வொரு முகமும் முக்கோணமாதலால், அதன் மற்ற இரு பக்கங்களின் கூட்டுத்தொகை அ–ஆவை விடப் பெரிது. இரு முகங்களுக்கும் உரிய இந்த நான்கு விளிம்புகளையும் கூட்டினால், அத்தொகை அ–ஆவின் இரு மடங்கினும் பெரிதாகும். அந்நான்கில் இரண்டு அ என்னும் உச்சியில் கூடுகின்றன. மற்ற இரண்டு ஆ என்னும் உச்சியில் கூடுகின்றன. இவ்விரு இணைகளுள் ஒன்றேனும் அ–ஆவை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும். அந்த உச்சியே நாம் தேடியது. முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்து மூன்றாம் பக்கத்தை விஞ்சும் என்பதற்கு மேல் எதுவும் இங்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் நெறி, குறையை நிறைவாக்கிப் பார்த்தல். எல்லா விளிம்புகளும் சமமான ஒழுங்கு நான்முகி தனித்து நிற்கும்போது அதனை அளப்பது சற்றுக் கடினம். ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளுள், ஒன்று விட்டு ஒன்றாக நான்கைத் தேர்ந்து இணைத்தால் அதே நான்முகி கிடைக்கிறது. எஞ்சிய நான்கு மூலைகளிலும் நான்கு துண்டுகள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் கனசதுரத்தின் ஆறில் ஒரு பங்கு. ஆகவே நான்முகியின் கன அளவு, கனசதுரத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. எதிரெதிர் விளிம்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதும், அவற்றிற்கு இடையிலுள்ள தொலைவு கனசதுரத்தின் பக்கமே என்பதும் கணக்கிடாமலே தெரிகின்றன. நான்முகி தனியே மறைத்து வைத்திருந்ததை, அது குடியிருக்கும் வீடு வெளிப்படுத்தி விடுகிறது.

மூன்றாம் நெறி, உருவத்தை விட்டு அளவைப் பார்த்தல். 1971 ஆம் ஆண்டில் வந்த வினா ஒன்றைக் கூறலாம். ஒன்பது உச்சிகள் கொண்ட, எங்கும் உட்குழியாத ஒரு பன்முகி இருக்கிறது. அதன் முதல் உச்சி மற்ற உச்சிகள் ஒவ்வொன்றின் இடத்திற்கும் வருமாறு, அதனைத் திருப்பாமல் நகர்த்தி எட்டுப் படிகள் எடுக்கிறோம். மூலத்தையும் சேர்த்து ஒன்பது உருவங்கள். இவற்றுள் இரண்டேனும் ஒன்றனுள் ஒன்று புகுந்தே தீரும் என்று நிறுவ வேண்டும். படம் வரைய முயல்பவன் தோற்பான். வரையாமல் சிந்திப்பவன் வெல்வான். முதல் உச்சியை நிலையாக வைத்து, அப்பன்முகியை எல்லாத் திசைகளிலும் இரு மடங்காகப் பெருக்கினால், ஒன்பது உருவங்களும் அந்தப் பெரிய பன்முகிக்குள் அடங்கிவிடும். நீளம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. எட்டுப் பங்கு இடத்தில் ஒன்பது பங்கு பொருள், ஒன்றோடொன்று கலவாமல் எப்படி அடங்கும்? கணக்கு முடிந்தது.

தேய்வு

இத்துணைச் சிறந்த கலை பின்னர் ஏன் தேய்ந்தது? முதல் ஒலிம்பியாடு நடந்த அதே 1959 ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சு நாட்டின் ரோயாமோன் என்னும் இடத்தில் கணிதக் கல்விச் சீர்திருத்தம் பற்றிய கருத்தரங்கு ஒன்று கூடியது. அங்கே பிரெஞ்சுக் கணித அறிஞர் ழான் தியுதொன்னே, பள்ளிகளில் யூக்ளிடின் வடிவியலுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று முழங்கினார். கணங்கள், திசையன்கள், நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றை இளமையிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்நோக்கம் இழிந்ததன்று. ஆயினும் ‘புதிய கணிதம்’ என்ற பெயரில் மேலை நாடுகளில் எழுந்த அந்த அலையில் பழைய வடிவியல் சுருங்கியது. அதிலும் திண்ம வடிவியலே முதலில் இடம் இழந்தது.

மறுபுறம் ஒலிம்பியாடு விரிந்து கொண்டே வந்தது. 1967 இல் பிரிட்டன், பிரான்சு, இத்தாலி, சுவீடன் ஆகிய நாடுகளும், 1974 இல் அமெரிக்காவும் வந்து சேர்ந்தன. எல்லா நாட்டு மாணவர்க்கும் பொதுவான பாடத்திலிருந்தே வினாக்கள் அமைய வேண்டும். ஒரு சில நாடுகளில் மட்டும் ஆழ்ந்து கற்பிக்கப்படும் பகுதியிலிருந்து வினா வந்தால் மற்ற நாட்டார்க்கு அது நடுநிலையன்று. எனவே விரிவு பெருகப் பெருகத் திண்ம வடிவியல் விலகிச் சென்றது. 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் கோளத்தையும் தளத்தையும் பற்றிய வினாக்கள் வந்தன. அதன் பின் அத்தகைய வினாக்கள் மிக அருகிவிட்டன. சிங்கப்பூர் 1988 ஆம் ஆண்டிலும், மலேசியா 1995 ஆம் ஆண்டிலும் அவ்வரங்கில் முதன்முதலாக அடி எடுத்து வைத்தபோது, நான்முகியின் பொற்காலம் கடந்து போயிருந்தது.

முற்றிலும் அழிந்தது என்று கூறுவதும் பொருந்தாது. உருசியப் பள்ளிகள் அதனைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் 1983 இல் தொடங்கிய அழைப்புத் தேர்விலும் அது தொடர்ந்து வருகிறது. ஆனால் விடை ஓர் எண்ணாக இருக்க வேண்டும் என்பதால், அங்கே நிறுவுதலைக் காட்டிலும் கணக்கிடுதலே ஓங்கி நிற்கிறது. அனைத்துலக அரங்கிலும் வெளி வேறு வேடத்தில் திரும்பி வந்ததுண்டு. வெளியில் உள்ள சில புள்ளிகளின் எண்ணிக்கையையும், மூன்று தளங்களில் விழும் அவற்றின் நிழல்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடும் வினா 1992 இல் வந்தது. புள்ளிக் கூட்டம் ஒன்றைத் தளங்களால் மூடும் வினா 2007 இல் வந்தது. இவற்றில் வெளி இருக்கிறது. எனினும் வேலை செய்வது எண்ணும் கலையும் இயற்கணிதமுமே.

ஒரு மாணவனின் ஐந்து

இத்தேய்வினால் நேர்ந்த இழப்பை ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. 1980 ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் நாடளாவிய உதவித்தொகைக்குப் போட்டியிடும் தகுதித் தேர்வு நடந்தது. அதில் ஒரு வினா: சதுர அடியுடைய பிரமிடு ஒன்று, ஒழுங்கு நான்முகி ஒன்று. இரண்டின் விளிம்புகள் அனைத்தும் சமம். ஒன்றின் முக்கோண முகத்தை மற்றொன்றின் முகத்தோடு சரியாகப் பொருத்தி ஒட்டினால், வெளியே தெரியும் முகங்கள் எத்தனை?

பிரமிடுக்கு ஐந்து முகங்கள், நான்முகிக்கு நான்கு, ஆக ஒன்பது. ஒட்டியதால் மறைபவை இரண்டு. எனவே விடை ஏழு என்று தேர்வை அமைத்தவர்கள் கொண்டனர். புளோரிடா மாநில மாணவன் ஒருவன் ஐந்து என்று எழுதினான். அவனுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அவன் அத்துடன் அடங்கிவிடவில்லை, முறையிட்டான்.

அவன் கூறியதே சரி. அத்தகைய பிரமிடுகள் இரண்டை ஒரு மேசை மீது, அடிப் பக்கங்கள் ஒட்டியிருக்குமாறு அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு சிகரங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு, அடிச் சதுரத்தின் பக்கத்திற்குச் சமம். ஆகவே அவ்விரண்டிற்கும் நடுவே உள்ள வெற்றிடம், எல்லா விளிம்புகளும் சமமான நான்முகியே. சிகரங்களை இணைக்கும் கோடு, முன்புறத்து அடிக்கோட்டிற்கு இணையானது. எனவே பிரமிடின் முன்முகமும் நான்முகியின் முன்முகமும் ஒரே தளத்தில் படிந்து ஒரே முகமாகின்றன. பின்புறத்திலும் அவ்வாறே. ஏழில் இரண்டு குறைய, எஞ்சுபவை ஐந்து. 1981 ஆம் ஆண்டில் தேர்வு நடத்தியோர் தவற்றை ஒப்புக்கொண்டனர். இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்கள் உயர்த்தப்பட்டன.

அந்த வினாவை அமைத்தவர்கள் கணிதம் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் எண்ணினார்கள், பார்க்கவில்லை. கூட்டலும் கழித்தலும் பிழையின்றி இருந்தும் விடை பிழையாயிற்று. அட்டையை வெட்டி இரண்டு உருவங்களைச் செய்து ஒட்டிப் பார்க்கும் ஒரு சிறுவனுக்குக்கூடத் தெரியக்கூடிய உண்மை, தேர்வறைக்கு வெளியேயே நின்றுவிட்டது.

பிளேட்டோ கூறிய இரண்டு காரணங்களுள் முதலாவது அரசுகளின் கையில் உள்ளது; பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் அதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவதோ ஆசிரியர்களின் கையில் உள்ளது. அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. அட்டையும் பசையும் ஆறு குச்சிகளும் போதும். தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. நான்முகி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே, அதற்கு முகங்கள் நான்கு என்பதைத் தமிழ்க் குழந்தை உணர்ந்து கொள்கிறது. பெயரிலேயே வடிவத்தைச் சுமந்து நிற்கும் அச்சொல்லைச் சொல்லிக் கொடுக்கும்போது, அவ்வுருவத்தையும் குழந்தையின் கையில் கொடுப்போமாக. எண்ணுவதற்கு முன் பார்க்கவும், பார்த்ததைக் காரணத்தால் நிறுவவும் அக்குழந்தை தானே கற்றுக் கொள்ளும்.