பூண்டின் வாடையும் வறுவலின் வரலாறும்



கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் மலைச்சாலையில் பூண்டி என்னும் சிற்றூர் உள்ளது. படிப்படியாகத் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளையும் மேல்மலைப் பகுதி அது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ரமளானில் கஞ்சிக்குத் துணையாக நம் வீடுகளில் செய்யும் வறுவலில் அந்தக் கிழங்கும் பூண்டும் ஒரே சட்டியில் கூடுகின்றன. எனினும் அவை நம் அடுக்களைக்கு வந்த வழிகள் வேறு.

பூண்டு ஹதீஸ்களில் இடம்பெற்ற பொருள். அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் அனுப்பிய உணவில் பூண்டு இருந்ததால் நபி (ஸல்) அவர்கள் அதை உண்ணவில்லை. அது ஹராமா என வினவப்பட்டபோது, இல்லை, அதன் வாடையே தமக்கு விருப்பமில்லை என விளக்கினார்கள். பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் தமது ஜும்ஆ உரையில், வெங்காயமும் பூண்டும் உண்போர் அவற்றைச் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளுமாறு கூறினார்கள். அரபு மூலத்தில் 'சாகடித்தல்' என்னும் பொருள்தரும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. எத்துணைப் பொருத்தமான சொல்! பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மமே அந்தக் கார நெடிக்குக் காரணம்; வெப்பம் அதைச் சிதைத்துவிடுகிறது. பச்சைப் பூண்டுச் சட்னியை உண்டுவிட்டுத் தராவீஹுக்கு விரைவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

காயை எண்ணெயில் பொரிக்கும் கலையும் முஸ்லிம்களின் எழுத்தில் பழைமையானது. கலீஃபா மஃமூன் ஹிஜ்ரி 210இல் (கி.பி. 825) மணந்த பூரான் அம்மையாரின் பெயரால் ஒரு கத்தரிக்காய் உணவு புகழ்பெற்றது. 1226இல் பாக்தாதில் தொகுக்கப்பட்ட சமையல் நூல் அதன் செய்முறையைத் தருகிறது: கத்தரிக்காயை உப்புநீரில் இலேசாக வேகவைத்து, ஒரு மணிநேரம் உலரவிட்டு, நல்லெண்ணெயில் பொரித்து, மசித்து, பூண்டு கலந்த தயிரை அதன்மேல் ஊற்ற வேண்டும். கத்தரிக்காய் இந்தியாவிலிருந்து அங்கே சென்றது. பூரானின் பெயரோ 'புரானி ரைத்தா' என்று பிரியாணிக்குத் துணையாக இங்கே திரும்பி வந்தது.

உருளைக்கிழங்கு பாக்தாத் அறியாத காய். ஆண்டீஸ் மலையில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பா சென்று, பின்னரே இந்தியாவை அடைந்தது. 1820களில் நீலகிரியில் ஜான் சல்லிவன் அதைப் பயிரிடச் செய்தார். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வீடுகள் கட்டிக் குடியேறினர். மேனாட்டுக் காய்கள் பழனிமலையிலும் வேரூன்றின. அதற்கு முன் நம் முன்னோர்க்கு வறுவல் என்றால் வாழைக்காயும் சேனையும்தான்.

புதிய கிழங்குக்கும் பாக்தாத் சமையற்காரரின் பழைய விதியே பொருந்துகிறது: நீர் வெளியேறாமல் மொறுமொறுப்பு வராது. ஈரத்தோடு இட்டால் எண்ணெயின் சூடு தணிந்து, துண்டுகள் எண்ணெய் குடித்துத் துவண்டுவிடும். எனவே நறுக்கிய கிழங்கைக் கழுவி மாவுப்பசையை நீக்கி, உப்புநீரில் அரைவேக்காடாக வேகவைத்து, துணியில் பரப்பி நன்கு உலர்த்த வேண்டும். சிறிது சிறிதாகப் பொரிப்பதே நலம். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டதென்று எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டுவதால்தான் பல வீடுகளில் வறுவல் வதக்கலாகிவிடுகிறது.

கிழங்கைக் குளிர்பெட்டியில் வைப்பதும் தவறு. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், உள்ளே வேகுமுன் மேலே கறுத்துவிடும். அவ்வாறு மிகையாகக் கருகும் கிழங்கில் அக்ரிலமைடு என்னும் தீய சேர்மம் மிகுதியாக உண்டாகிறது. பொரித்த, சுட்ட மாவுணவுகளில் அது இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆகவே பொன்னிறத்திலேயே எடுத்துவிட வேண்டும். பூண்டை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். பற்களைத் தோலோடு நசுக்கி, கிழங்கு பொன்னிறமாகும் தறுவாயில் கறிவேப்பிலையுடன் எண்ணெயில் இட்டு, பூண்டும் பொன்னிறமானதும் எல்லாவற்றையும் சேர்த்து வடித்தெடுங்கள்.