மணமாகாத பெற்றோரின் குழந்தை: பாதுகாவலர் யார்?

பெற்றோர் மணவிலக்குப் பெற்றாலும், மணம் செய்துகொள்ளாமலேயே பிரிந்தாலும், குழந்தையின் நலனே முதன்மையானது என்பது பாதுகாவலர் குறித்த சட்டங்களின் அடிப்படையாகும்.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, மணவுறவில் பிறந்த குழந்தைக்குத் தந்தையும், அவருக்குப் பின் தாயும் இயற்கைப் பாதுகாவலர்கள் ஆவர். ‘பின்’ என்பது தந்தையின் மறைவுக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விளக்கியது. தந்தை குழந்தையின் மீது அக்கறை காட்டாத நிலையிலும் தாய் பாதுகாவலராகச் செயல்படலாம். 5 வயது நிறைவடையாத குழந்தை பொதுவாகத் தாயின் பராமரிப்பிலேயே இருக்க வேண்டும்.

மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு இச்சட்டப்படி தாயே முதல் பாதுகாவலர். மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர், 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ்த் தொடர்ந்த வழக்கில், 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. தந்தையின் பெயரை வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தந்தைக்கு அறிவிப்பு அனுப்பவும் தேவையில்லை என்று அத்தீர்ப்பு தெரிவித்தது. மணமாகாத தாய் அல்லது தனித்து வாழும் தாய் பிரமாணப் பத்திரம் அளித்தால், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

பாதுகாவலர் பொறுப்பு தாயிடம் இருப்பதால் தந்தையின் கடமை நீங்கிவிடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவின் கீழ், போதிய வருவாயுள்ள தந்தை குழந்தையைப் பராமரிக்க மறுத்தால், ஜீவனாம்சம் கோரி நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். இந்த உரிமைக்குப் பெற்றோரின் திருமணம் நிபந்தனையன்று.