பாராட்டே மாமியும் பிஸ்கட் டின்னும்

2015-ல் மாற்றலாகி கொல்கத்தா வந்த புதிதில், வீட்டுத் தரகர் என்னைக் காட்டி யாரிடமோ "பாராட்டே" என்றார். அடடா, வந்த உடனேயே பாராட்டா என்று பூரித்துப் போனேன். அப்புறம்தான் தெரிந்தது, வங்காளியில் குடித்தனக்காரருக்கு அதுதான் பெயராம் :-)

நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். வக்கீல் இல்லை. ஆனாலும் இந்த ஊர் வாடகைச் சட்டத்தைத் தேடிப் படிக்க வைத்தவர் லேக் மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஒரு மாமி. அவர் கதையைச் சொல்லாமல் சட்டத்தைச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

மாமியின் கணவர் 1968-ல் அந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்தார். மாத வாடகை 110 ரூபாய். நான் பார்த்தபோது 185. ஆமாம், நூற்றியெண்பத்தைந்துதான்! வீட்டுக்காரர் வாங்க மறுத்ததால் மாதாமாதம் ரெண்ட் கண்ட்ரோலரிடம் கட்டிவிட்டு, அந்த ரசீதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போடுவார் மாமி. 1968-லிருந்து எல்லா ரசீதும் அதில் இருந்தன. எங்கள் கிளை லாக்கரில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது? முதல் உலகப் போர் முடிந்ததும் நகரத்தில் வாடகை ஏறியது. 1920-ல் கல்கத்தா வாடகைச் சட்டம் வந்தது. அது தற்காலிகச் சட்டம், சில வருடங்களில் காலாவதியானது. இரண்டாம் போரின்போது 1943-ல் மறுபடி கட்டுப்பாடு. பிறகு பிரிவினை. கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானோர் வந்து இறங்கிய ஊரில், ஒரு குடித்தனத்தைக் காலி செய்தால் அதே இடத்துக்குப் பத்துப் பேர் தயார். 1948, 1950 என்று அடுத்தடுத்து சட்டங்கள் போட்டு, கடைசியில் 1956-ல் மேற்கு வங்கக் குடியிருப்போர் சட்டம் வந்தது. வாடகை பாக்கி, அனுமதியில்லாத உள்வாடகை, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை என்று சட்டத்தில் எழுதிய காரணம் இருந்தால்தான் வெளியேற்ற முடியும். குடித்தனக்காரர் இறந்தால் உரிமை வாரிசுக்குப் போகும்.

இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். குடித்தனம் இருக்கும் பழைய வீட்டை மலிவாக வாங்குவது, உடனே "எனக்கே வேண்டும்" என்று வழக்குப் போடுவது. 1969-ல், ஐக்கிய முன்னணி ஆட்சியில், இதற்கு ஒரு திருத்தம் வந்தது. வீட்டை வாங்கியவர் மூன்று வருடத்துக்குச் சொந்தத் தேவை என்று வழக்குப் போடக் கூடாது. அது செல்லாது என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1974-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் வேறு யாருமில்லை, நம்ம பாலக்காட்டு வி.ஆர். கிருஷ்ணய்யர்!

மாமி வீடும் 1971-ல் கைமாறியது. "அந்த மூணு வருஷம் இல்லேன்னா கைக்குழந்தையோட தெருவுல நின்னிருப்பேன்" என்பார் மாமி.

சரி, இப்போது நாணயத்தின் மறுபக்கம். மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாவும் விதவைதான். ஆறு குடித்தனத்திலிருந்தும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வந்தால் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சில மூட்டை சிமெண்டுக்கு மேல் காணாது. கூரை ஒழுகினால் அவர் எதை வைத்துப் பூசுவார்? வடக்குக் கொல்கத்தாவில் மாநகராட்சி 'பிபஜ்ஜனக் பாடி' (ஆபத்தான வீடு) என்று பலகை மாட்டிய கட்டடங்களில் இன்னும் துணி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரருக்குச் செலவழிக்கப் பணமில்லை. குடித்தனக்காரருக்கோ வெளியே போனால் உரிமை போய்விடுமோ என்ற பயம்.

இதைச் சரிக்கட்ட வந்ததுதான் 1997 சட்டம். நடைமுறைக்கு வந்தது 2001 ஜூலை 10-ல். அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, குடித்தனக்காரர் இறந்தால் வாரிசுகளுக்கு ஐந்து வருடம்தான் உரிமை. அவரை நம்பி அவரோடு வாழ்ந்த, வேறு வீடில்லாத மனைவிக்கு (அல்லது கணவருக்கு) மட்டும் அந்தக் கெடு கிடையாது.

மாமியின் கணவர் இறந்தது 2003-ல். அப்படியானால் மகனின் உரிமை 2008-லேயே முடிந்துவிட்டது. மாமி உயிரோடு இருக்கும்வரைதான் வீடு. 'வேறு வீடில்லாத' என்ற வார்த்தைக்குப் பயந்து, மாயவரத்துப் பூர்வீக வீட்டில் தனக்கு வரவேண்டிய பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். "இங்க இருக்கணும்னா அங்க நான் யாருமில்லேன்னு ஆகணும்" என்றார் ஒருநாள், காபி ஆற்றிக்கொண்டே. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2019-ல் மாமி போனார். தாயை அண்டி வாழ்ந்த மகன் என்றால் நியாய வாடகைக்குப் புது ஒப்பந்தம் கேட்கச் சட்டத்தில் முன்னுரிமை உண்டு. ஆனால் இவன் சம்பாதிக்கிறவன். சண்டை போடாமல் ஆறு மாதத்தில் கரியாவுக்குக் குடிபோனான். வீட்டுக்கார அம்மா வாசல்வரை வந்து அழுதாராம்.

இரண்டாவது விஷயம் நம்மைப் போல மாற்றலாகி வருகிறவர்களுக்கு. கொல்கத்தா, ஹவுரா மாநகராட்சி எல்லைக்குள் மாத வாடகை 6,500 ரூபாயைத் தாண்டினால் அந்த வீடு இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. மற்ற ஊர்களில் 3,000. அந்த வாடகைக்கு இன்று லேக் மார்க்கெட்டில் ஒரு அறை கிடைக்குமா? ஆக, மாமிக்கு ஐம்பது வருடம் குடை பிடித்த சட்டம் எனக்கு ஒரு நாள்கூடப் பிடிக்காது. நமக்கு இருப்பது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டுமே.

ஊரில் தமிழ்நாட்டின் 1960 சட்டமும் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதிலும் எழுத்து ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அதனால் மக்களே, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்ப வரும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ் என்பதை எழுதி வாங்குங்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். ரசீதை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

மாமியின் பிஸ்கட் டின் இப்போது கரியாவில், மகன் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.