மொட்டை மாடி ஒயரின் கதை



போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த என் தங்கை மகன், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பழைய கருப்பு ஒயரைப் பார்த்துவிட்டு, "இதை வெட்டிடாதீங்க மாமா" என்றான். நான் வெட்டுவதாகத்தான் இருந்தேன். அந்த ஒயரின் கதையைச் சொல்கிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நம் மதுரைப் பக்கம் படம் தெளிவாகத் தெரிந்தது, கொடைக்கானல் மலைமேல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான். நாகமலை புதுக்கோட்டையில் மாடிக்கு மாடி அலுமினிய ஆன்டெனா. எல்லாம் கொடைக்கானலைப் பார்த்தே நிற்கும். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்புவார். கீழே இருப்பவர் "வருது, வருது... போச்சு!" என்று கத்துவார்.

அப்போது பல வீடுகளில் தட்டை ஒயர். உருண்டை ஒயர் தெருத்தெருவாகப் பரவியது 1990களில், கேபிள் டிவியோடு. நடுவில் செம்புக் கம்பி, சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், அதன்மேல் உலோக வலை, கடைசியில் கருப்பு உறை. இதுதான் கோ-ஆக்சியல் கேபிள். இதற்கு இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு 1880லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1993ல் தொடங்கிய சன் டிவியும், 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளும் நம் வீட்டுக்குள் நுழைந்தது இந்த ஒயர் வழியாகத்தான்.

இப்போது தங்கை மகன் வீட்டு விஷயம். அங்கே ஆன்டெனா டிவியும் இன்டர்நெட்டும் ஒரே ஒயரில் ஓடுகின்றன. இரண்டும் மோதாதா? வகுப்பில் அதிர்வெண் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? ஆன்டெனா, கேபிள் டிவி அலைகள் சுமார் 860 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். மோக்கா என்ற முறை, வீட்டு இன்டர்நெட்டை 1,125 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அனுப்புகிறது. ஒரே சாலை, தனித்தனித் தடம். ஒயரின் இரு முனையிலும் ஒரு சிறு பெட்டி மாட்டினால் போதும். சுவரை உடைக்க வேண்டியதில்லை. வைஃபை எட்டாத மாடி அறைக்கும் இன்டர்நெட் போய்விடும்.

இரண்டு எச்சரிக்கை. டிடிஎச் குடையிலிருந்து வரும் ஒயரில் இதைச் செய்யாதீர்கள். அந்த அலைகள் 950 முதல் 2,150 வரை. தடம் ஒன்றாகி இரண்டும் கெடும். அடுத்து, தெருக் கேபிளோடு இணைப்பு இருந்தால் வீட்டு வாசலிலேயே வடிகட்டி ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இன்டர்நெட் அலை பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும்.

கொடைக்கானலைப் பார்த்து நின்ற ஆன்டெனாக்கள் போய்விட்டன. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பும் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஒயர் மட்டும் சுவருக்குள் நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது "பழசுதானே" என்று அதை வெட்டிவிடாதீர்கள். வலை துருப்பிடிக்காமல், கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் வெட்டவில்லை.

உங்கள் வீட்டு ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து நின்றது? கீழே எழுதுங்கள்.