குடியேறியோர் கண்ட இனிப்பு: காப்ளர் வரலாறு

தாயகம் விட்டு வேற்று நிலத்தில் குடியேறும் மக்கள் தம் மொழியை நாவிலே கொண்டு செல்கின்றனர். தெய்வத்தை நெஞ்சிலே கொண்டு செல்கின்றனர். அடுக்களையை மட்டும் அங்ஙனம் எளிதிற் கொண்டு செல்ல இயல்வதில்லை. அதற்கு நிலத்தின் துணை வேண்டும். பழகிய தானியம் புதிய ஊரில் விளைவதில்லை. பழகிய பாத்திரம் கிடைப்பதில்லை. நீரின் சுவையும் விறகின் வெம்மையும் வேறுபடுகின்றன. அந்நிலையில் இல்லத்தரசியர் என் செய்தனர் என்பதைக் காட்டும் வரலாறு ஒன்றை, சங்கத்தின் ஆண்டு மலரைக் கையிலேந்தும் நம் குடும்பத்தார் முன் வைக்க விழைகின்றோம். அது அமெரிக்க நாட்டில் ‘காப்ளர்’ எனப்படும் பழ இனிப்பின் வரலாறு.

காப்ளர் என்பது யாது? பழத்துண்டுகளைச் சர்க்கரையோடு ஆழமான பாத்திரத்திலிட்டு, அவற்றின்மீது மாவைக் கரண்டி கரண்டியாக வைத்து, அனலிலே வேகவைத்து எடுப்பது. மேலே மாவு பொன்னிறமாகப் பொரிந்திருக்கும். அடியிலே பழச்சாறு பாகுபோற் குமிழியிடும். மாவைத் தேய்த்து வட்டமாக்கி மடித்து ஓரம் கட்டும் நுண்பணி இதற்கு வேண்டுவதில்லை. இவ்வெளிமைக்குக் காரணம் அது பிறந்த சூழலே.

ஆங்கிலேயர் 1607ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனிலும், 1620ஆம் ஆண்டில் பிளிமத்திலும் குடியேறினர். தம் நாட்டிலே கொழுப்பும் மாவும் கலந்து, துணியிற் கட்டி வேகவைக்கும் புட்டிங்கும், தேர்ந்த ஓடு கொண்ட பை என்னும் பண்டமும் உண்டு பழகியவர்கள் அவர்கள். புதிய நிலத்தில் அவற்றிற்குரிய பொருள்களும் அடுப்புகளும் அரியவாயின. ஆகவே கிடைத்த பழத்தைக் கொதிக்க வைத்து, அதன்மேல் மாவு உருண்டைகளைப் பரப்பி, பானையிலேயே சமைக்கத் தொடங்கினர். இல்லாமையினின்று பிறந்த இவ்வழியே நாளடைவில் தனி மரபாயிற்று.

இதற்குத் துணை நின்ற கருவி ‘டச்சு அடுப்பு’ எனப்பட்ட வார்ப்பிரும்புப் பானையாகும். இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி என்பார் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். அத்தகைய பானைக்கு மூன்று கால்களும், விளிம்பு உயர்ந்த கனத்த மூடியும் அமைத்தனர். அடியிலே தணல், மூடியின் மேலும் தணல். அவ்வளவில் வெட்டவெளியிலும் ஓர் அடுப்பறை அமைந்துவிடும். வடநாட்டார் மூடியின்மீது கரியிட்டுச் சமைக்கும் ‘தம்’ முறையைக் கண்டிருக்கும் நமக்கு இந்நுட்பம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 2,000 மைல் நீண்ட ஆரிகன் பாதையில் மாட்டு வண்டிகளில் மேற்கே சென்ற குடும்பங்கள், உலர்ந்த ஆப்பிளையும் பீச்சையும் மூட்டைகட்டி எடுத்துச் சென்றன. புதுப் பழம் கிட்டாத வழியில் அவ்வற்றலே இனிப்பிற்கு உதவியது.

காப்ளர் என்னும் சொல்லுக்கு இருவகை விளக்கம் கூறுவர். பொரிந்த மேற்பரப்பு உருளைக்கற்கள் பாவிய தெருவை ஒத்திருத்தலால் வந்த பெயர் என்பர் சிலர். மரக்கிண்ணத்தைக் குறித்த பழஞ்சொல்லின் வழி வந்தது என்பர் வேறு சிலர். லெட்டிஸ் பிரையன் என்னும் அம்மையார் 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கென்டக்கி இல்லத்தரசி’ என்னும் சமையல் நூலில் இப்பெயர் வருகின்றது. விருந்தினர்முன் வைக்கும் பெருமை இதற்கில்லை எனினும், குடும்பத்தார் உண்ண இது மிக நன்று என்னும் கருத்தை அவ்வம்மையார் குறித்துள்ளார். பெருமை பாராட்டாத பண்டமே வீட்டாரின் அன்பிற்கு உரியதாயிற்று.

இனி, பழங்களின் வரலாற்றை நோக்குவோம். காப்ளருக்குப் பெயர்போன பீச், வடநாட்டுச் சந்தையில் கோடைதோறும் நாம் வாங்கும் ‘ஆடூ’வே. அதன் பிறப்பிடம் சீனம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தனர். அந்நாட்டின் தொல்குடியினர் அதனை விரும்பி நட்டு எங்கும் பரப்பினர். 1683ஆம் ஆண்டில் வில்லியம் பென், பென்சில்வேனியாவில் தொல்குடியினரின் தோட்டந்தோறும் பீச் மரங்கள் இருத்தலைக் கண்டு எழுதினார். பின்வந்தோர் பலர் அதனை அந்நாட்டுக்கே உரிய மரமென எண்ணினர்.

இவ்விடத்தில் வரலாற்றின் கசப்பையும் மறைத்தல் கூடாது. பழத்தை வளர்த்து வைத்தவர்கள் அப்பழத்தோட்டங்களையே இழந்தனர். 1864ஆம் ஆண்டில் அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் நவஹோ மக்களின் பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்கப் படையினர் வெட்டி வீழ்த்தினர். அம்மக்கள் நெடுந்தொலைவு நடத்திச் செல்லப்பட்டனர். தென்மாநிலங்களிலோ, பெருவீடுகளின் அடுக்களையில் நின்று காப்ளர் சமைத்த கைகளிற் பல, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கப் பெண்டிரின் கைகள். அவர்தம் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை.

அவ்விருளில் ஒரு சிறு விளக்கு உண்டு. மலிண்டா ரசல் என்னும் கறுப்பினப் பெண்மணி டென்னசியில் பலகாரக் கடை நடத்தி வந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொள்ளையர்பால் பொருளை இழந்து, 1864ஆம் ஆண்டில் மகனோடு வடக்கே மிச்சிகனுக்குச் சென்றார். அங்கே 1866ஆம் ஆண்டில் தாம் அறிந்த சமையலைச் சிறு நூலாக அச்சிட்டார். இனிப்புப் பண்டங்களே அதில் மிகுதி. கறுப்பினப் பெண்மணி ஒருவர் இயற்றிய சமையல் நூல்களுள் இன்று அறியப்பட்டவற்றில் அதுவே முதலாவது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் ஒரே படிதான் பிற்காலத்தார் கைக்கு எட்டியது. அப்படியும் அழிந்திருப்பின் அவர் கைத்திறனும் மறைந்திருக்கும்.

மாவைப் பொங்கச் செய்யும் பொருளும் காலந்தோறும் மாறியது. முதலில் மரச்சாம்பலினின்று எடுத்த உப்பைப் பயன்படுத்தினர். அச்சாம்பலுப்பு ஆக்கும் முறைக்கே 1790ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் முதல் உரிமத்தை வழங்கியது. 1843ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆல்பிரட் பேர்டு பேக்கிங் பவுடரைக் கண்டார். அதன்பின் காப்ளரின் மேல்மாவு மென்மையுற்றது.

செய்முறையும் ஈண்டு கூறுவோம். நன்கு பழுத்த பீச் ஆறினைத் தோலுரித்து நறுக்கி, அரைக் கோப்பைச் சர்க்கரை, ஒரு கரண்டிச் சோள மாவு, சிறிது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு கலந்து பாத்திரத்தில் இடுக. ஒரு கோப்பை மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் உப்பும் சேர்த்து, கால் கோப்பைக் குளிர்ந்த வெண்ணெயை விரலால் உதிர்த்துப் பிசிறி, அரைக் கோப்பைக்குச் சற்றுக் குறைந்த பால் ஊற்றிக் கலந்து, பழத்தின்மேல் கரண்டியால் வைக்க. 190 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ நாற்பது நிமிடம் வேகவைப்பது போதும். முட்டை சேர்ப்பதில்லையாதலின், சைவ இல்லத்தார்க்கும் தடையில்லை. பீச்சுக்கு ஜாதிக்காய்த் தூளும், ஆப்பிளுக்குப் பட்டையும் கிராம்பும், பிளாக்பெர்ரிக்கு எலுமிச்சைத் தோலும், புளிப்புச் செர்ரிக்கு வாதுமை மணமும் பொருந்தும். ஆலுபுகாராவும் இதற்கு ஏற்றதே. அதற்குச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக வேண்டும்.

ஆப்பிள் என்றவுடன் நம் நாட்டோடு இணைந்த ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. பிலடெல்பியாவிலே பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, சிம்லா மலையின் கோட்கட் பகுதியிலே குடியேறினார். 1916ஆம் ஆண்டளவில் அமெரிக்காவினின்று இனிப்பு ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்டார். நம் விடுதலைப் போரிற் கலந்து 1921ஆம் ஆண்டில் சிறை சென்றார். பின்னர்ச் சத்தியானந்தர் என்னும் பெயரும் ஏற்றார். இன்று நம் குடியிருப்புச் சந்தையில் குவியும் இமாசல ஆப்பிளுக்குப் பின்னே, வந்த ஊரைத் தன் ஊராக்கிக் கொண்ட அந்த ஒருவரின் உழைப்பு நிற்கின்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? காப்ளர் குறைபட்ட புட்டிங் என்று இன்று எவரும் கூறுவதில்லை. டெக்சாஸ் மாநிலம் 2013ஆம் ஆண்டில் பீச் காப்ளருக்கு மாநிலச் சிறப்பே அளித்தது. நம் இல்லங்களிலும், புழுங்கலரிசி கிடைக்காத நாளில் வேறு அரிசியால் அரைத்த இட்லி உண்டு. நல்ல புளி வாய்க்காத நாளில் ஆம்சூர் கலந்த குழம்பு உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர் அவற்றைக் குறை கூறுதலும் உண்டு. அன்னோர் சொற்கேட்டு நம் தாய்மார் நாணவேண்டுவதில்லை. அவை வந்த நிலத்தில் வேரூன்றியதற்குச் சான்றுகள்.

ஆயின் எழுதி வையாத மரபு நில்லாது. பிரையனும் ரசலும் எழுதியமையால் அவர்தம் அடுக்களையை இன்று நாம் அறிகின்றோம். எழுதப்பெறாத கைகளோ பெயரின்றி மறைந்தன. நம் முதியோர் இக்குடியிருப்பில் முதன்முதலில் அடுப்பு மூட்டிய நாளில் எதற்கு எதனை மாற்றிச் சமைத்தனர் என்பதை, அவர் இருக்கும்போதே கேட்டு, அவர் பெயரோடு ஏட்டில் எழுதி வைப்பது இளையோர் கடன். அவ்வேடுகள் அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறுமாயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.